மைதீனுக்குக் கொடுத்த தகடு

காலை ஆறரை மணிக்குத் தொழிற்பேட்டைக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் வெல்டிங் ராடு பிடித்துவிட்டு, சட்டையில் எங்கே பொத்தல் விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தபடியே கடைக்கும் ஆபீசுக்கும் ஓடுகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பட்டறைக்காரர் கேட்டார். அவர் கேட்ட ஆள் சரியில்லை. எடைமேடை வேலையை விட்டுவிட்டு வெல்டிங்குக்கு வந்து, அதிலேயே காலத்தை ஓட்டி, இப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். உற்சாகம் என்கிற சரக்கு என்னிடம் இருப்பில் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் இந்தத் தாளில் வடையை வைத்து எண்ணெயைப் பிழிந்துகொள்ளுங்கள்.

எந்தத் தகட்டுக்கு எந்த ராடு, மெஷினை எவ்வளவில் வைப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தும் நான் எங்கே தவறினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கற்றுக்கொள்ள வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தொழிற்பேட்டை வாசலில் லாரி எடைமேடையில் வேலை. லாரி ஏறும், பெட்டியில் எண் தெரியும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன், லாரி இறங்கும். இதையே செய்து தலை நரைத்தது. எதிரில் ஒரு கிரில் பட்டறை. அதை நடத்தியவன் திசையன்விளைக்காரன், வயது இருபத்தாறு. என்னைவிடப் பதினேழு வயது இளையவன், திட்டுவதில் என் தகப்பனாரைவிட மூத்தவன். "அண்ணாச்சி" என்று மரியாதையாக ஆரம்பித்து, "சவம், கையை ஆட்டாதேயும் வே" என்று முடிப்பான். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை அவனிடம் திட்டு வாங்குவேன். எட்டரைக்கு எடைமேடையில் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராமல் பட்டறைக்குப் போகிறேன் என்று என் மனைவிக்கு என்மேல் வருத்தம். ஜெபத்தில் என் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவாள்.

நான் சேர்ந்த அடுத்த வாரமே மைதீன் வந்தான். டவுனில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளன். வயது முப்பத்து நாலு. அவன் கண் பெரிய கண். சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கடைப் படியேறும்போதே எந்த அடுக்கில் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கிற வழக்கமே அவனிடம் கிடையாது. மற்ற கடைகளில் கிடைக்காமல் அலுத்துப்போய் வருகிற பெண்கள் "மைதீன் இருக்காரா?" என்று கேட்டுத்தான் உள்ளேயே வருவார்களாம்.

அவனுக்கு எதற்கு வெல்டிங் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மச்சான் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருந்தான். அங்கே துணி எடுத்துக் காட்ட ஆள் வேண்டாம், வெல்டர்தான் வேண்டும். ஆறு மாதத்தில் டெஸ்ட். தேறினால் விமானம், தேறாவிட்டால் துணிக்கடை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டாவது கைக்குழந்தை. குடும்பம் மொத்தமும் அந்த டெஸ்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். எனக்குப் பழக்கம் சீக்கிரம் வந்தது. மைதீனுக்கு வரவில்லை. துணியை உதறி விரித்துப் பழகிய கை அது, ஓரிடத்தில் நிற்காது. ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும், பிடுங்குவான், மறுபடி ஒட்டிக்கொள்ளும். "நம்ம கையி இரும்புக்கு ஆவாது போல அண்ணாச்சி" என்று சிரிப்பான். எட்டு மணிக்குக் கையைக் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸுக்கு ஓடுவான். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து நிற்பான். அவனைப்போல ஒருவன் இப்போது உங்களிலும் இருப்பான்.

அந்த நாட்களில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. ஒரு ஜன்னல் கிரில்லுக்கு அங்கங்கே சின்னச் சின்னப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்த வேண்டும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ராடு, கறுப்புக் கண்ணாடி வைத்த மாஸ்க்கை முகத்துக்கு நேரே பிடிக்க மூன்றாவது கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பொட்டு வைப்பதுதான் பட்டறை வழக்கம். நானும் மூடினேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி மூடினேன். கிரில் முழுவதும் அப்படியே முடித்துவிட்டு எடைமேடைக்குப் போனேன். மாலை நாலு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல ஆகிவிட்டது. பெட்டியில் எண் தெரியவில்லை. லாரி டிரைவர்களே இறங்கி வந்து எனக்கு எண்ணை வாசித்துச் சொன்னார்கள். யார் நாணயஸ்தன், யார் இல்லை என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மைதீன் என் வீட்டுக்கு வந்தான். பட்டறையில் கேள்விப்பட்டிருக்கிறான். கையில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை, மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"வெக்கப்படாதிய அண்ணாச்சி. பாத்திமாதான் கொடுத்து விட்டா. தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா கண்ணுச் சூடு எறங்கிரும்."

பாத்திமா அவன் மனைவி. நான் கூச்சத்தில் வேண்டாம் என்றேன். என் மனைவிதான் தலையைப் பிடித்துக்கொண்டாள். மைதீன் தன் கையாலேயே விட்டான். அடுத்த நாள் வலி குறைந்தது. அது தானாகவே குறைந்திருக்கும், கண்ணில் அதையெல்லாம் விடக்கூடாது என்று பிற்பாடு ஒரு டாக்டர் திட்டினார். நீங்களும் விடாதீர்கள். ஆனால் ஒரு குழந்தைக்குச் சேர வேண்டியதை எனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. பட்டறைத் தம்பி மறுநாள் என்னை ஒரு பிடி பிடித்தான். "கண்ணு போனா கையி எதுக்குவே? மொதல்ல கண்ணுக்கு என்ன போட்டிருக்குன்னு பாரும். கையில என்ன இருக்குன்னு பொறவு பாக்கலாம்."

அவன் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. செவிடனாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

டெஸ்ட் ஆடி மாதத்தில் வந்தது. "நீரும் போயிப் பாரும், வந்தா ஒரு வீசா வரட்டும்" என்று பட்டறைத் தம்பி சொன்னதால் நானும் பெயர் கொடுத்திருந்தேன். வெளிநாட்டு ஆசையெல்லாம் எனக்குப் பெரிதாக இல்லை. வெல்டர் என்று எழுதின ஒரு தாள் வேண்டும் என்பதுதான் ஆசை. தகரத்தால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஆளுக்கு ஒன்று. இரண்டு தகடுகளை நிமிர்த்தி வைத்து, கீழிருந்து மேலே சேர்த்துக்கொண்டு போக வேண்டும். தகட்டில் அவரவர் எண்ணைச் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். பிறகு அதை வளைத்துப் பார்ப்பார்கள், விரிசல் விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

நான் முடித்துவிட்டேன். மேலே படிந்த கசடைத் தட்டிப் பார்த்தால், சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக வந்திருந்தது. அப்போது தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் கை ஒன்று தெரிந்தது. பக்கத்து அறையில் மைதீன். குனிந்து பார்த்தேன். மாஸ்க்கைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"முடியல அண்ணாச்சி. ஒட்டிக்கிட்டு ஒட்டிக்கிட்டு வருது. பாதியில ஓட்டை விழுந்துட்டு. ஊட்டுல எல்லாரும் காத்துக் கெடக்காவ."

மேற்பார்வை பார்க்கிறவர் பத்தடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் முடிவு எடுக்க வேண்டும். எடுத்தேன். கையுறையால் என் எண்ணை அழித்தேன். பையிலிருந்த சாக்பீஸால் அவன் எண்ணை எழுதினேன். இடுக்கியால் பிடித்து என் தகட்டை அந்தப் பக்கம் தள்ளினேன். அவனுடைய ஓட்டைத் தகடு என் பக்கம் வந்தது, அதில் என் எண்ணை எழுதினேன். வளைத்தபோது அது பிஸ்கட்டாக உடைந்தது. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "வயசாயிட்டுல்லா, இனி எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஜங்ஷன் வரும்வரை மைதீன் என் கையை விடவே இல்லை. நான் நட்புக்காகச் செய்தேன் என்று பல வருஷம் நானே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குத் தெரியும். நட்பு கால்வாசி இருக்கலாம். மீதி முக்கால்வாசி கர்வம். என் தகடு இரண்டு பேருக்குப் போதும் என்கிற எண்ணம் எனக்கு இனித்தது. அவன் அங்கே போய் யார் தகட்டைத் தள்ளிவிடச் சொல்லிக் கேட்பான் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அவன் போன ஒரு மாதத்தில் எடைமேடைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. சைட்டில் முதல் வாரமே ஒரு குழாயைக் கொடுத்திருக்கிறார்கள். ஃபோர்மேன் பார்த்துச் சிரித்துவிட்டு, ராடு மாட்டுகிற ஹோல்டரை இவன் கையிலிருந்து வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டானாம். இவனை ஹெல்பர் ஆக்கிவிட்டார்கள். குழாய் தூக்குவது, சிலிண்டர் உருட்டுவது. பாஸ்போர்ட் கம்பெனியிடம், இரண்டு வருஷ ஒப்பந்தம். வீட்டுக்கு வெல்டர் என்றே சொல்லி வைத்திருந்தான்.

"அங்கன இருந்து சொல்லித் தாங்க அண்ணாச்சி. வெள்ளிக்கெழம லீவு. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு மெஷினப் போட்டுத் தருவாரு. நான் பழகிக்கிடுதேன்."

இப்படி ஒரு பாடம் எங்கேயாவது நடந்திருக்குமா என்று தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் போன் வரும். "போனைப் பக்கத்துல வச்சுட்டு ஓட்டுலே, நான் சத்தம் கேக்கேன்" என்பேன். ஒரு காதில் போன், இன்னொரு காதில் லாரி ஹாரன். சத்தத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்தது. படபடவென்று வெடித்தால் ராடு தூரமாகப் போய்விட்டது என்று அர்த்தம். கம்மிப்போனால் ஒட்டப்போகிறது. அப்பளம் பொரிகிற சத்தம் ஒரே சீராக வர வேண்டும். "கிட்டக் கொண்டா... பைய... பைய... அந்த உருகுன இரும்ப மட்டும் உத்துப் பாரு. அதவிட்டுக் கண்ண எடுக்காதலே. கண்ண எடுத்தே, கை போச்சு." இதே வார்த்தைகளைத்தான் ஒவ்வொரு வாரமும் சொன்னேன்.

பல மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் வந்தது. முழு ராடும் தீரும்வரை ஒரே சீரான பொரியல். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எடைபோட வந்த டிரைவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பேரப்பிள்ள பொறந்திருக்கா?" என்று கேட்டார். அடுத்த வாரம் மைதீன் ஃபோர்மேன் முன்னால் ஓட்டிக் காட்டினான், வெல்டர் ஆனான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றது. வெல்டராகிவிட்டான், இனி நாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அவன் ஊருக்கு வந்துவிட்டான் என்று துணிக்கடைப் பக்கம் போனவர் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனேன். நான் எதிரில் உட்கார்ந்திருக்க, அவன் என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பேசினான். முதலில் கோபமோ என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னான். பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்துவிட்டது. ஓரத்தில் தெரிகிறது, நேரே பார்த்தால் முகம் இல்லை. உருகின இரும்பும் தெரியவில்லை, அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வெளிச்சம் உள்ளே சுட்டுவிட்டது, திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்களாம்.

"மாஸ்க் போடலையாலே?"

"ஹெல்பருக்கு ஏது அண்ணாச்சி மாஸ்க்? பழகும்போது ரெண்டு கூலிங் கிளாஸ ஒண்ணு மேல ஒண்ணு மாட்டிக்கிட்டுத்தான் பாத்தேன். நீங்கதான் அதவிட்டுக் கண்ண எடுக்காதன்னியளே."

குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. பாடத்தை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்கிற குரல். அத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒருநாள், ஒரே ஒருநாள், "கண்ணுக்கு என்ன போட்டிருக்கேலே?" என்று நான் கேட்கவில்லை. சொந்தக் கண்ணில் மணல் விழுந்தபோது என்ன பாடு என்று தெரிந்தவன் நான். அவன் வீட்டுப் பாலைக் கண்ணில் வாங்கினவன் நான். என் காது எவ்வளவு கூர்மை என்கிற மயக்கத்தில் கேட்காமல் விட்டேன். பாத்திமா டீ கொண்டுவந்து வைத்தாள். "நீங்க இல்லேன்னா அவுக வெளிநாட்டு மண்ணையே மிதிச்சிருக்க மாட்டாவ" என்றாள். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

துணிக்கடையில் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல முதலாளி. ஆனால் ஒரு பெண் கொண்டுவந்த மயில்நீலச் சேலைக்கு அவன் பச்சை எடுத்துப் போட்டானாம். அவள் சிரித்திருக்கிறாள், விளையாடுகிறான் என்று நினைத்து. அந்த வாரமே அவனைப் பின்கட்டில் துணி மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இன்றும் அங்கேதான் மடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் அதற்குப் பிறகு எடைமேடையை விட்டு முழுநேரமும் பட்டறைக்கு வந்தேன். நல்ல வெல்டர் என்று பெயர் எடுத்தேன். என்னிடம் தொழில் பழக வந்தவர்களுக்கு முதலில் மாஸ்க் கண்ணாடியைச் சோதித்துவிட்டுத்தான் ராடைக் கொடுப்பேன். அதைப் பார்த்து ரொம்பக் கறார் என்பார்கள். ஒவ்வொரு கண்ணாடியையும் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கும்போது எனக்கு யார் ஞாபகம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மைதீனுக்கு ஒரு நூல்கூடக் கூடுதலாகத் தெரியப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் மைதீன் என் வீட்டுக்கு வந்தான். மூத்த மகளைக் கட்டிய மருமகனும் கூட வந்திருந்தான்.

"அண்ணாச்சி, மருமவனுக்கு டெஸ்ட் வருது. பகல்ல டைல்ஸ் கடையில சோலி. காலையில பழகுதான், கையி இன்னும் வரல. நீங்க ஒருநாள் கூடப் போய்ட்டு வாங்க."

"கூடப் போயி?"

"தெரியாத மாதிரி கேக்குதிய. மாஸ்க்கப் போட்டா யாரு எவருன்னு தெரியவா போவுது?"

நான் மாட்டேன் என்றேன். டெஸ்டைத் தள்ளிப் போடட்டும், தினமும் காலையில் வரட்டும், ஆறு மாதம் ஆனாலும் நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். பதினைந்து நாளில் டெஸ்ட், வீசா காத்திருக்காது என்றான் மருமகன். மைதீன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் என்னைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்க்க அவனுக்கு அது ஒன்றுதான் வழி.

"எங் கண்ணு போனதுக்கு உங்கள ஒரு வார்த்த கேட்டிருப்பனா அண்ணாச்சி? இத்தன வருசமா? நீங்க சொல்லித்தான் உத்துப் பாத்தேன்னு பாத்திமாகிட்டகூட நான் சொல்லல. இந்த ஒண்ணுதான் கேக்கேன்."

ஆக, தப்பு என்னுடையது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் அவனுக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கணக்குத் தீர்ந்தது என்று அவன் நினைத்திருப்பான். நாக்கு நுனிவரை வந்தது. மறுபடியும் மாட்டேன் என்றேன். "சரி, வாலே போவோம்" என்று மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அன்றுதான் கடைசியாக என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டது.

நியாயத்துக்காக மறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துதான் மறுத்தேன். இன்னொரு ஜோடிக் கண்ணைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. உங்கள் பக்கத்து அறையில் ஒருநாள் ஒருவன் அழுதுகொண்டு கையை நீட்டுவான். அவன் உங்களுக்கு ரொம்ப வேண்டியவனாகத்தான் இருப்பான், வேண்டாதவன் நீட்டுவதில்லை. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைச் செய்தால் மனது ஆறும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. தகட்டைக் கொடுத்தும் பார்த்தேன், கொடுக்காமலும் பார்த்தேன். இரண்டிலும் நான் நிம்மதியாக இல்லை.

அந்தப் பையன் டெஸ்டில் தோற்றுவிட்டான். டைல்ஸ் கடையில்தான் இன்னும் இருக்கிறான், இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. மைதீன் வீட்டுத் தெருவழியாக நான் போனால் என்னை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.